கீழ்க் குசினி

1

நான் வேலை செய்வது ஒரு வெள்ளைக்காரனின் வீட்டில். அதுவும் குசினியில். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் உடனே "கனடாவுக்குப் போயும் உந்தக் கதியோ" என்று உச்சுக் கொட்ட வேண்டாம். அந்த வெள்ளைக்காரன் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. அவர் கட்டிய வீடு மட்டும் ரொறன்ரோ நகரத்தின் நடுவில், உயரமான கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையில் இன்னும் நிற்கிறது. இப்போது அது ஒரு காட்சியகம். வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது என் வேலை.

சுற்றிக் காட்டுகிறவர்கள் அந்தக் காலத்து உடுப்புப் போட வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று இரண்டு உடுப்புகளைக் காட்டினார்கள். ஒன்று எசமானியின் பட்டுக் கவுன். மற்றது சமையல்காரியின் சாம்பல் நிறக் கவுன், வெள்ளை முன்துண்டு, நாடா வைத்த தொப்பி. பட்டுக் கவுன் எனக்கு இடுப்பைத் தாண்டி ஏறவில்லை. அப்படித்தான் நான் சமையல்காரி ஆனேன். அந்தத் தொப்பியோடு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு என் அக்கா பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தார். "மாதாவே, இவளுக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது, இவளைப் போய்க் குசினியில விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

உண்மைதான். எனக்குச் சமையல் தெரியாது. தெரிய வேண்டிய தேவை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்கா எங்கள் வீட்டை விட்டுப் போய் இந்தக் கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது.

முதலில் அந்த வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கட்டியவர் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்த வியாபாரி. அவரும் எங்களைப் போலப் புலம்பெயர்ந்தவர்தானே. நாங்கள் மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் பெட்டியில் அமத்திக்கொண்டு வந்தோம். அவர் கதவுப் பூட்டையும் யன்னல் கண்ணாடியையும் கொண்டு வந்தார். காடு வெட்டின சேற்று நிலத்தில், தன்னுடைய ஊர் வீட்டைப் போலவே ஒன்றைக் கட்டினார். நடுவில் வாசல். வாசலுக்கு மேலே விசிறியை விரித்தது போல ஒரு கண்ணாடி. இடப்பக்கம் எத்தனை யன்னலோ வலப்பக்கமும் அத்தனை. ஒன்று கூடக் குறையக் கூடாது, அதுதான் அந்தக் காலத்து அழகு.

முன்சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு செங்கல் நெடுக்காக, ஒரு செங்கல் குறுக்காக, மாறி மாறி வைத்து, இடையில் சுண்ணாம்புச் சாந்தை நூல் பிடித்தது போல மெல்லியதாகப் பூசியிருக்கிறார்கள். நல்ல கொத்தன் கை. பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், அங்கே கையில் அகப்பட்ட கல்லை ஒரு ஒழுங்கில்லாமல் அடுக்கிக் கட்டியிருக்கும். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பின்பக்கத்தில்தான் வேலைக்காரரின் வாசல் இருக்கிறது.

இந்த வீட்டைச் சட்டம் பாதுகாக்கிறது. விளையாட்டில்லை. ஒரு குளிர்காலத்தில் மேல்மாடி யன்னலில் ஒரு கண்ணாடி வெடித்துவிட்டது. புதுக் கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு விண்ணப்பம், கூட்டம், படம் பிடிப்பு, இன்னொரு கூட்டம். பழைய கண்ணாடி கொஞ்சம் நெளிந்திருக்கும், அதனூடாகப் பார்த்தால் தெரு தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரியும். புதியதும் அதே போல நெளிந்திருக்க வேண்டும் என்று தேடித் திரிந்தார்கள். பனி உருகி, புல் முளைத்து, பிறகுதான் கண்ணாடி வந்தது. அந்தக் காலம் முழுவதும் நானும் அந்தக் கண்ணாடிக்காக ஓடித் திரிந்தேன். கூட்டங்களில் கையை உயர்த்திக் கதைத்தேன். பெருமையாகவும் இருந்தது.

2

இனி எங்கள் வீடு. ஸ்ரௌவ்வில் என்ற இடத்தில், புதிதாக வயலை வெட்டிக் கட்டின வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வாங்கியிருக்கிறார்கள். கார் இல்லாமல் ஒரு பால் போத்தல் கூட வாங்க முடியாது. மேலே நான்கு அறை. எனக்கும் என் கணவர் அன்ரனுக்கும் ஒன்று, மகள் ஷெரினுக்கு ஒன்று, அன்ரன் கணினியோடு மல்லுக்கட்ட ஒன்று, நான்காவது விருந்தினர் அறை. லண்டனில் இருந்து அன்ரனின் தங்கை குடும்பம் ஒரு கோடையில் வந்து தங்கியது. அதன் பிறகு அந்தக் கட்டிலில் ஒருவரும் படுத்ததில்லை.

கீழே, நிலத்துக்கடியில், பேஸ்மன்ற். அங்கே அக்கா.

வீடு வாங்கும்போது தரகர் சொன்னார், "பேஸ்மன்ற்றுக்குத் தனி வாசல் இருக்கு, குசினியும் இருக்கு, உங்கட அக்காவுக்கு நல்ல சுதந்திரம்." சுதந்திரம் என்ற சொல்லை நானும் அன்ரனும் அக்காவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். இங்கே எங்கள் வீடுகளில் கீழே இரண்டாவது குசினி வைப்பது வழக்கம். மேல் குசினி வெள்ளைப் பளிங்கு போட்டு, படத்தில் இருப்பது போலப் பளபளவென்று இருக்கும். அதில் தேத்தண்ணி வைக்கலாம், பாணை வாட்டலாம். மீன் பொரிப்பதும், மிளகாய் வறுப்பதும், நண்டு காய்ச்சுவதும் எல்லாம் கீழே. மணம் மேலே வரக் கூடாது. ஜக்கெற்றில் மணம் பிடித்தால் ஷெரின் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவர், கலியாணம் செய்யாதவர். ஊரில் நடந்த யுத்தத்தில் அந்த வயது போய்விட்டது. எனக்குப் பிறகு, எத்தனையோ நாடு சுற்றி, தன் பாட்டில் கனடா வந்து சேர்ந்தவர். வந்த கையோடு ஸ்காபரோவில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலையும் எடுத்துவிட்டார். ஷெரின் பிறந்ததும் நான் சொன்னேன், "அக்கா, வேலையை விட்டிட்டு வாங்கோவன், பிள்ளையை வேற ஆரிட்டக் குடுக்கிறது?" அக்கா வந்தார். ஷெரினுக்கு நடக்கப் பழக்கியது அக்கா. பள்ளிக்கூட பஸ்ஸடியில் பனிக்குள் நின்றது அக்கா. ஷெரின் முதலில் சொன்ன சொல் "பெம்மா". பெரியம்மா என்பது அவளுக்கு வாயில் வரவில்லை. அதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எழுதத் தொடங்கிய பிறகு என்ன மறைப்பு.

கீழே இருக்கிற ஆளை மேலே இருந்து எப்படிக் கூப்பிடுவது? கத்தினால் அன்ரனுக்குப் பிடிக்காது. தொலைபேசி எடுத்தால் அக்கா அதை எங்கேயாவது மாவுக்குள் வைத்திருப்பார். அதனால் ஒரு பழக்கம் வந்தது. குசினி நிலத்தில் காலால் ஒரு குத்து. ஒரு குத்து என்றால் தேத்தண்ணி. இரண்டு குத்து என்றால் மேலே வாங்கோ. ஷெரின் சின்ன வயதில் விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை. தட்டில் தேத்தண்ணியோடு படியேறி வந்து, "இந்தாங்கோ மகாராசாக்கள்" என்று வைத்துவிட்டுப் போவார்.

அவர் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். அவருடைய அறை யன்னல் சுவரின் உச்சியில், ஒரு புத்தகத்தை விரித்த அகலத்தில் இருந்தது. பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். "தம்பி, உதைக் கொஞ்சம் பெருப்பிச்சு விடலாமோ? பகலிலயும் லைற் போட வேண்டிக் கிடக்கு" என்று அன்ரனிடம் கேட்டார்.

"சுவர் வெட்டிறதெண்டா சிற்றியில பெர்மிட் எடுக்கோணும் பிலோக்கா. சரியான கரைச்சல். பாப்பம்" என்றார் அன்ரன்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். பாப்பம் என்றுதான் நானும் சொன்னேன். வெள்ளைக்காரனின் கண்ணாடிக்காக நான் கூட்டங்களுக்கு ஓடித் திரிந்ததும் அதே வருஷம்தான்.

3

போன வருஷம் வசந்தத்தில் எங்கள் மாதா கோயில் முதியோர் சங்கம் ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தது. பஸ் பிடித்து, சாப்பாடு கட்டி, நான் வேலை செய்கிற வீட்டைப் பார்க்க வந்தார்கள். தமிழிலேயே சொல்லிக் காட்டலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம், புளுகம். அக்காவும் வந்திருந்தார், கோயிலுக்குக் கட்டுகிற நல்ல சேலையில்.

மேல்மாடியில் இருந்து தொடங்கினேன். எசமானின் படுக்கையறை, வரவேற்பறை, வழுவழுவென்ற மரக் கைபிடியோடு வளைந்து இறங்குகிற முன்படி. சனம் கைபிடியைத் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு சுவரோடு சுவராக இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினேன். பின்னால் வேலைக்காரரின் படி. ஒடுக்கம், செங்குத்து, கும்மிருட்டு.

"ஏன் பிள்ளை இவ்வளவு இருட்டு? வெளியில இருந்து பாக்கேக்க இந்த இடத்தில யன்னல் ஒண்டு தெரிஞ்சுதே?" என்று கேட்டார் ஓர் அங்கிள். ஊரில் கட்டட வேலை ஓவசியராக இருந்தவர்.

"அது பொய் யன்னல் அங்கிள். வெளியில பாக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் சரிசமனா இருக்கோணும் எண்டு வைச்சது. உள்ளுக்குச் சுவர்தான். வேலைக்காரர் ஏறி இறங்கிற படிக்கு வெளிச்சம் என்னத்துக்கு எண்டு யோசிச்சிருப்பினம்."

அந்தப் படியால் ஒருவர் பின் ஒருவராக நிலத்துக்குக் கீழே இருக்கிற குசினிக்கு இறங்கினோம். கல் பாவிய நிலம், ஆள் உயர அடுப்பு, பக்கத்தில் பாண் சுடுகிற போறணை. நான் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். சமையல் மணமும் சூடும் மேலே வரக் கூடாது என்றுதான் குசினியைக் கீழே கட்டினார்கள். சமையல்காரி இங்கேயே சமைத்து, இங்கேயே சாப்பிட்டு, அந்த மூலையில் இருக்கிற அறையில் படுத்தாள். பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். "அவளைக் குடும்பத்தில ஒருத்தி மாதிரித்தான் வைச்சிருந்தவையாம்" என்று முடித்தேன். எங்களுக்குப் படிப்பித்துத் தந்த வசனம் அது. எல்லாக் கூட்டத்துக்கும் சொல்வது.

பிறகு சுவரில் இருந்த மணிகளைக் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சுருள் கம்பியில் வரிசையாகத் தொங்குகிற பித்தளை மணிகள். மேலே அறையில் கயிற்றை இழுத்தால் இங்கே ஆடும். "ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு சத்தம். சத்தத்தைக் கேட்டே எந்த அறையில கூப்பிடினம் எண்டு அவளுக்கு விளங்கிவிடும்" என்றேன்.

அக்கா பெரிதாகச் சிரித்தார். "உது பெரிய வேலையே? எங்கட வீட்டில மணியும் இல்லை, கயிறும் இல்லை. காலால நிலத்தில குத்துவினம். ஒரு குத்து தேத்தண்ணி, ரெண்டு குத்து மேல வா. அன்ரன்ர குத்து தொம்மெண்டு இருக்கும். ஷெரின்ர குத்து ரப்பர் செருப்புச் சத்தம். இவள் றெஜி குதியால குத்துவாள். நான் அடுப்படியில நிண்டே ஆளைச் சொல்லிப்போடுவன்!"

சனம் கொல்லென்று சிரித்தது. அக்கா பகிடிக்குத்தான் சொன்னார், கொஞ்சம் கெட்டித்தனத்தோடும் சொன்னார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் விட்டால் எனக்குச் சுட்டது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து சிரித்தேன். தலையில் தொப்பி, இடுப்பில் முன்துண்டு, சமையல்காரி வேஷத்தில் நான் நிற்கிறேன். சம்பளத்துக்கு நடிக்கிற நான். எதிரே நல்ல சேலையில் என் அக்கா. ஓவசியர் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்து கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பேன்.

மாலையில் அக்காவை என் காரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்றன. அக்கா சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டு வந்தார். "நல்லாத்தான் கதைக்கிறாய் றெஜி. சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுது." நான் முன்னால் நின்ற காரின் இலக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் குசினி பின்னால்தான் இருந்தது. மாவிடிக்க வருகிற அன்னம்மா கோடிப்பக்கத்தால்தான் வருவார். அவருக்கென்று ஓர் அலுமினியப் பேணி தனியாகத் தட்டியில் செருகியிருக்கும். அக்கா ஒருநாள் எங்களுடைய பேணியிலேயே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினார். பூசைக்குப் பிசகாமல் போகிற அம்மா. அடி வாங்கின அக்கா அழவில்லை, அடுத்த நாளும் அதே பேணியில் கொடுத்தார். பின்பக்கத்தால் வருகிற ஆளைப் பார்க்கிற கண் அவருக்கு அந்த வயதிலேயே இருந்தது. எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து கார் நின்றது. நான் முன்கதவைத் திறந்தேன். அக்கா வழக்கம் போல வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாசலுக்குப் போனார். சேலைக் கரை புல்லில் ஈரமாகிக்கொண்டு போனது. "அக்கா, இஞ்சால வாங்கோ" என்று கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. அவ்வளவு காலமும் கூப்பிடாதவள் இன்றைக்கு ஏன் கூப்பிடுகிறாள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது.

அதற்குப் பிறகு நான் காலால் குத்துவதை நிறுத்தினேன். அன்ரனிடமும் ஷெரினிடமும் நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

4

ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மேலே மூவரும் அக்கா அனுப்பிய இறைச்சிக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரும் குத்தாமலே அக்கா மேலே வந்தார். கையில் தட்டு இல்லை.

"எனக்கு வீடு கிடைச்சிருக்கு" என்றார். "ஸ்காபரோவில, சீனியர்ஸ் பில்டிங். ஓர் அறை, ஒரு சின்னக் குசினி. கோயிலுக்கு நடந்தே போகலாம். வாற மாசம் போகோணும்."

அன்ரன் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன பிலோக்கா, விசர்க்கதை கதைக்கிறியள்? இஞ்ச உங்களுக்கு என்ன குறை? அக்காவைக் கலைச்சுப்போட்டினம் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

"சனம் ஒரு கிழமை கதைக்கும் தம்பி. பிறகு வேற ஆரையும் பிடிக்கும்."

ஷெரின் வாயைத் திறந்தாள். "பட் பெரியம்மா, ஹூ இஸ் கோயிங் டு..." அதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சம் எல்லோருக்கும் விளங்கியது. அவள் எங்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே, எங்கள் மனதில் இருந்ததைத்தான் அவள் வாய் சொல்ல வந்தது.

நான் பதறிப் போனேன். மறித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "என்னக்கா நீங்கள், உங்களை நாங்கள் குடும்பத்தில ஒருத்தி மாதிரித்தானே வைச்சிருக்கிறம்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கூடப்பிறந்தவரைப் பார்த்து, ஒரே வயிற்றில் பிறந்தவரைப் பார்த்து, சுற்றுலாக் கூட்டத்துக்குச் சொல்கிற வசனத்தைச் சொல்லியிருக்கிறேன். நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

அக்கா கோபிக்கவில்லை. "உது உன்ர வெள்ளைக்காரன்ர வீட்டில சொல்லுற கதையெல்லே" என்றார். "சாப்பிடுங்கோ, கறி ஆறப்போகுது." பிறகு இறங்கிப் போய்விட்டார்.

பின்னேரம் நான் கீழே போனேன். அக்கா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். பகல் நேரம்தான், லைற் எரிந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன், இருக்க ஒரு கதிரை கூட அங்கே இல்லை. எனக்குத் தெரிந்து ஒருநாளும் இருந்ததில்லை.

"அக்கா, மேல வந்து இருங்கோ. விருந்தினர் அறை சும்மாதானே கிடக்கு. நல்ல வெளிச்சம்."

"தெரியும். அந்தக் கட்டில் விரிப்பை நான்தானே மாத்திறனான்" என்றார். "நல்ல அறைதான்."

"அண்டைக்கு அந்த வீட்டைப் பாத்தாப் பிறகுதானே இப்பிடி முடிவெடுத்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

அக்கா மடிப்பதை நிறுத்தினார். "உந்த வீட்டைப் பாத்தோ? ஏன், எனக்குக் கண் தெரியாதே? நான் அந்த பில்டிங்குக்குப் பேர் குடுத்து எவ்வளவு வருஷம்! ஷெரின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கேக்க குடுத்தது. முந்தியும் ஒருக்கா இடம் வந்தது. அவள் படிச்சு முடிக்கட்டும் எண்டு வேண்டாம் எண்டிட்டன்."

நான் அழுதேன். இந்த வயதில், சின்னப்பிள்ளை மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு. அக்கா எழும்பி வந்து தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். "என்னத்துக்கடி அழுகிறாய்? நான் செத்தே போறன்? பஸ்ஸில வந்தாலும் வரலாம்." அழுகையிலும் எனக்கு ஒரு கள்ளப் புத்தி ஓடியது. இனி யார் சமைப்பது என்று யோசித்தேன். அக்கா என் முகத்தைத் துடைக்கும்போது அதை யோசித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

5

அக்கா போனார். அன்ரனின் வான் வண்டியில் ஒரே ஓட்டத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மாதா சுருவம், துணி மூட்டைகள், அடிப்பிடித்த பெரிய சோற்றுப் பானை. ஷெரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே கதவடியில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீடு அப்படியே இருந்தது, மணம் மட்டும் மேலே வந்துவிட்டது. கீழே போய்ச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைப் பளிங்கில் மஞ்சள் பட்டுக் கறையானது. ஷெரின் ஜக்கெற்றை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு போனாள். அன்ரன் நான் வைத்த சொதியைக் குடித்துவிட்டு, "இஞ்சரும், பிலோக்காவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருமன்" என்றார்.

ஒருநாள் தலையிடி. வேலையால் வந்து, தொப்பி அழுத்தின தடம் நெற்றியில் இருக்க, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தேன். என்னை அறியாமல் குதியால் நிலத்தில் குத்தினேன். ஒரு குத்து. பிறகு தலையை நிமிர்த்திப் படிப்பக்கம் பார்த்தேன். கீழே குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்திவிட்டேன் என்று எனக்குள்ளே பெருமைப்பட்ட கால் அது. சீ என்று இருந்தது.

வேலையில் ஒரு மாற்றம் செய்தேன். சமையல்காரி குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்ற வசனத்தை விட்டுவிட்டேன். "அவள் இங்கேதான் சாப்பிட்டாள், இங்கேதான் படுத்தாள், மேலே கூப்பிட்டால் போனாள்" என்று மட்டும் சொல்கிறேன். மேலாளர் கவனிக்கவில்லை. வெளிநாட்டு உச்சரிப்பில் சொல்வதில் ஒரு வசதி, பாதியைச் சனம் கவனிக்காது.

சரி, திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அந்த ஒரு வருஷமும் நான் கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்கப் போனேன். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? பிளாஸ்ரிக் பெட்டிகளைக் கழுவி ஒரு பையில் போட்டுக்கொண்டு போவேன். போவதற்கு முதல் தொலைபேசி எடுப்பேன். "அக்கா, வெளிக்கிட்டிட்டன்." அக்கா கீழே வாசலடியிலேயே காத்துக்கொண்டு நிற்பார். மேலே போனால் மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், மாசிச் சம்பல் எல்லாம் ஆறவைத்துத் தயாராக இருக்கும். வெறும் பெட்டிகளைக் கொடுத்து நிறைந்த பெட்டிகளை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஓடுவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், நெடுஞ்சாலை நெரிசல், பனி, அன்ரனுக்கு மருந்து. தொலைபேசி எடுப்பதும் காலால் குத்துவதும் ஒன்றுதான் என்பது எனக்கு விளங்கவே இல்லை. படித்தவள், சரித்திரம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.

6

நேற்று அக்கா போய் ஒரு வருஷம். கேக் ஒன்று வாங்கிக்கொண்டு, சொல்லாமல் போய் நிற்போம் என்று தோன்றியது. முதல் தடவையாகத் தொலைபேசி எடுக்காமல் போனேன்.

கட்டட வாசலில் நின்றபோதுதான் கவனித்தேன், அந்த வாசல் மணியை நான் ஒருநாளும் அடித்ததில்லை. சுவரில் பித்தளைத் தகட்டில் வரிசையாகப் பொத்தான்கள். அக்காவின் இலக்கத்தைத் தேடி அமத்தினேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தத் தகட்டுக்குள் இருந்து கரகரத்த சத்தத்தில், "ஆர் அது?"

"நான்தான் அக்கா. றெஜி."

உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ "துரும்பு, துரும்பு" என்று கத்தினார்கள். முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுகிறார்கள். அக்காவுக்குச் சீட்டு விளையாடத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஊரில் அண்ணன்மாரோடு இருந்து விளையாடி அவர்களை அழ வைத்தவர்.

"இரு றெஜி, இந்தக் கை முடியட்டும். நல்ல சீட்டு வந்திருக்கு" என்றார் அக்கா. சத்தம் நின்றுவிட்டது.

இரு. அக்கா என்னைப் பார்த்து "இரு" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்தக் குத்துக்கும், எந்த மணி நேரத்திலும், அடுப்பில் என்ன கொதித்தாலும் வந்தவர். வாசலில் நின்றேன். மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் அடித்தது. நல்லாக் காத்து நில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். ஒரு கையில் கேக். மற்றக் கையில் பை. பைக்குள் கழுவித் துடைத்த பிளாஸ்ரிக் பெட்டிகள். யோசித்து எடுத்ததில்லை. வீட்டால் வெளிக்கிடும்போது கை தன் பாட்டில் எடுத்திருக்கிறது.

அக்கா போன நாளைக் கொண்டாட வந்திருக்கிறேன், வெறும் பெட்டிகளோடு.

கார் நிறுத்தின இடத்துக்கு ஓடினேன். ஐம்பது வயது தாண்டின பொம்பிளை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை ஒரு சீனக் கிழவர் நின்று பார்த்தார். பையைப் பின் டிக்கியில் எறிந்து பூட்டிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, அக்கா மேலே இருந்து திறந்துவிட்ட கதவு திரும்பவும் பூட்டிக்கொண்டுவிட்டது. திரும்பவும் மணியை அமத்தினேன்.

"எங்கயடி போனனீ? கதவு திறந்துவிட்டனான் எல்லே."

"காருக்குப் போனனான் அக்கா."

"என்னத்துக்கு? பெட்டியளை எடுக்கவோ? சொல்லாமல் வந்திருக்கிறாய், நான் இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை."

"இல்லை அக்கா. ஒண்டும் வேண்டாம். சும்மாதான் வந்தனான்."

பின்னால் சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டது.

"சும்மாவோ?" என்று கேட்டார் அக்கா.

அவர் நம்பவில்லை. ஆனாலும் கதவு திறந்தது.